காளியப்பனின் வலது கால்

ஜொகூர் பாரு சந்தைக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை ஒன்று இருந்தது. சொந்தக்காரர் கிபாயத்துல்லா, அதிராம்பட்டினத்துக்காரர். பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் பட்டறையில் பத்து வருஷத்துக்கு மேல் எண்ணெயில் ஊறி, கடலுக்குக் குறுக்கே பாலம் போட்ட சமயத்தில் இந்தக் கரைக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கியவர். 1932-இல் அவருக்கு நாற்பது வயது. கை சுத்தம், வேலை சுத்தம். ஐந்து வேளைத் தொழுகை தவறியதில்லை. ஒரே ஒரு குறைதான். வண்டி ஓட்டுகிறவன் வாயைத் திறந்தால் அவருக்குக் காது கேட்காது.

“வண்டியே சொல்லும். நீ சும்மா இரு” என்பார்.

பெரும்பாலான நாட்களில் வண்டி சொல்லத்தான் செய்தது. தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து எந்தப் பிளக் செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தக் குறையை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அதைத் தன் திறமையோடு சேர்ந்த ஒன்றாகவே நினைத்திருந்தார்.

அவரிடம் வழக்கமாக வந்த வண்டிகளில் ஒன்று நஜ்முதீனுடைய பஸ். பஸ் என்று பெயர்தானே தவிர, அது ஒரு பழைய அமெரிக்க லோரி. மேலே பலகைக் கூடு கட்டி, உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஜொகூர் பாருவிலிருந்து பிளெந்தோங் வழியாக மாசாய்க்குத் தினம் இரண்டு நடை. போகும்போது பாதி காலியாக இருக்கும். வரும்போது தோட்டத்து ஆட்களும் சீனத் தோட்டக்காரர்களும் நெருக்கியடித்து ஏறுவார்கள். பின்பக்கம் அன்னாசிக் கூடைகள் கூரையைத் தொடும்.

அதை ஓட்டியவன் காளியப்பன். மாசாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். துரையின் காரைக் கழுவிக் கழுவி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஐந்து வருஷமாக நஜ்முதீனிடம் இருந்தான். அவன் குடும்பத்தில் மரம் சீவாமல் காக்கிச் சட்டை போட்டவன் அவன் ஒருவன்தான். அதிகம் பேசமாட்டான்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் அவன் பட்டறைக்கு வந்து நின்றான்.

“பாய், பின்னால வலது சக்கரம் சில நேரம் புடிக்குது. வண்டி இழுக்க மாட்டேங்குது. டவுனுக்கு வந்து சேந்தா வுட்ருது.”

கிபாயத்துல்லா சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். கையால் ஒரு சுற்று சுற்றினார். சக்கரம் தடையில்லாமல் சுழன்றது. பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே பார்த்தார். புதுப் பிரேக் பட்டைகள்; தீபாவளிக்கு முன்னால் அவரே போட்டவை. ஒரு கோளாறும் இல்லை.

பத்து நாளில் மறுபடியும் வந்தான். மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் சுழற்றல். சக்கரம் அன்றும் லேசாகச் சுற்றியது.

மூன்றாம் முறை அவன் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னான். “பாய், நான் கவனிச்சுப் பாத்தேன். வெறும் வண்டியா இருந்தா ஒண்ணுமில்ல. பாரம் ஏறுனாத்தான் புடிக்குது.”

“பாரம் ஏறுனா எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும்” என்று கிபாயத்துல்லா சிரித்தார். “நீ சுமை தூக்குனா ஓடுவியா, நடப்பியா? போ, போ.”

காளியப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டிசம்பர் மாத நடுவில் ஒரு காலை, மாசாயிலிருந்து திரும்பிய பஸ் பிளெந்தோங் ஏற்றத்தில் புகையத் தொடங்கியது. வலது பின்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். யாரோ “தீ!” என்று கத்தினார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு சீனப் பெண்மணி கோழிக் கூடையோடு கீழே குதித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

செய்தி வந்ததும் நஜ்முதீனும் கிபாயத்துல்லாவும் வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்குள் பயணிகள் நடந்தும் வேறு வண்டி பிடித்தும் போய்விட்டிருந்தார்கள். அன்னாசிகளை ஒரு மாட்டு வண்டி ஏற்றிப் போயிருந்தது. டிரம் ஆறியிருந்தது. கிபாயத்துல்லா ஜாக்கி வைத்துச் சுழற்றினார். சக்கரம் எப்போதும்போல் சுற்றியது.

அவர் எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. முதலாளி நஜ்முதீன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாலையோரத் தேத்தண்ணிக் கடையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் எழுந்து வந்திருந்தார்கள். மூன்று தடவை பார்த்தும் தனக்குத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“வண்டியில ஒண்ணும் இல்ல, காக்கா” என்றார் நஜ்முதீனிடம், அண்ணன் முறை வைத்து. “கோளாறு இவன் கால்ல இருக்கு. பிரேக்குப் பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறான். தேயாம, புகையாம என்ன செய்யும்?”

“இல்ல பாய், நான் வைக்கல” என்றான் காளியப்பன்.

“உனக்கு எப்படித் தெரியும்? கள்ளுக் கடைக்குப் போயிட்டு வர்றவனுக்குக் கால் எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னு தெரியுமா?”

கூட்டம் சிரித்தது. காளியப்பன் குடிக்கிறவனில்லை. அது கிபாயத்துல்லாவுக்குத் தெரியும். சிரிப்பு வரவேண்டும் என்பதற்காகச் சொன்ன சொல். காளியப்பன் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். அந்த இடத்திலேயே நஜ்முதீன் அவனிடமிருந்து லைசென்ஸ் வில்லையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்: வண்டிச் சாவி, டிக்கெட் பை, தொப்பி. சாயங்காலத்துக்குள் பஸ் நிற்கும் இடத்தில் அவனுக்கு ‘பிரேக் காளி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

புது டிரைவர் கிடைக்கும்வரை நானே ஓட்டுகிறேன் என்று கிபாயத்துல்லா முன்வந்தார். தன் பேச்சை நிரூபித்துக் காட்டும் ஆசையும் அதில் இருந்தது. அந்த வாரம் முழுக்க மழை. சாலையில் செம்மண் சேறு. சனம் குறைவு, அன்னாசியும் வரவில்லை. பஸ் ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடியது.

“பாத்தியா தம்பி? ஆள மாத்துனதும் வண்டி குணமாயிருச்சு” என்றார் நஜ்முதீன். கிபாயத்துல்லா அடக்கமாகத் தலையாட்டினார்.

ஒன்பதாம் நாள் மழை விட்டது. மாசாயில் இரண்டு நடைக்கான சனம் ஒரே நடைக்கு ஏறியது. பின்னால் முப்பது கூடை அன்னாசி. மூன்று மைல் தாண்டியிருக்காது, வண்டி பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் தயங்கியது. கிபாயத்துல்லா ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த கைப்பிடியை இழுத்து எஞ்சினைக் கூட்டினார். வண்டி உறுமியது, நகர மனமில்லாமல் நகர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் பிரேக் பெடலிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரைப் பலகையில் இருந்தது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். வலது டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். தோல் பொசுங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு, சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கம்பி விறைத்து நின்றது. விரலால் தட்டினால் ‘டிங்’ என்றது. பெடலை யாரும் மிதிக்கவில்லை. ஆனாலும் யாரோ மிதித்துக்கொண்டிருப்பதுபோல் கம்பி பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தது.

“எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க!” என்று அடியிலிருந்து கத்தினார்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஆள் இறங்க இறங்க, தலைக்கு மேலே வண்டி மெல்ல உயர்ந்தது. கம்பி தளர்ந்தது. கடைசி ஆள் இறங்கியபோது அது தொய்ந்து ஆடியது.

“இப்ப ஏறுங்க!”

“அலமாக்! இப்பத்தானே எறங்கச் சொன்னீங்க!” என்றான் ஒரு தோட்டத்து ஆள். “ஏத்தி எறக்கி வெளயாடுறீங்களா, பாய்?”

ஏறினார்கள். கம்பி இறுகியது. மறுபடி இறங்கச் சொன்னார். மறுபடி தளர்ந்தது. மூன்றாம் தடவை யாருக்கும் பொறுமையில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை.

வலது பின்சக்கரத்துக்கு மேலே, வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வில்லைப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். அதில் இரண்டாவது பட்டை மற்றதைவிட மெலிசு. தீபாவளிக்கு முன்னால் பழைய பட்டை ஒடிந்தபோது, சரியான கனத்தில் கிடைக்காமல், முதலாளி அவசரப்படுத்தியதால், ஒரு பழைய காரிலிருந்து கழற்றி அவரே மாட்டியது. அன்றைக்கே பிரேக்குக்குப் புதுப் பட்டையும் போட்டு, வெறும் வண்டியில் கம்பியைக் கச்சிதமாக இறுக்கிவிட்டிருந்தார். பாரம் ஏறினால் அந்தப் பக்கத்து வில் அளவுக்கு மீறித் தட்டையாகிறது. தட்டையானால் நீள்கிறது. நீளும்போது அச்சைப் பின்னால் தள்ளுகிறது. அச்சு பின்னால் போனால் கம்பி இழுபடுகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிய மறுநொடியே பாரம் போய்விடுகிறது; பிறகு சக்கரம் லேசாகச் சுற்றாமல் என்ன செய்யும்? மூன்று தடவையும் அவர் நோயை இறக்கி வைத்துவிட்டு நோயாளியைப் பார்த்திருந்தார்.

பாரம் ஏறுனாத்தான் புடிக்குது. அவன் இதைத்தான் சொன்னான். இதே வார்த்தைகளில் சொன்னான்.

சேற்றில் படுத்தபடி அவர் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரோ, “பாய் தூங்கிட்டாரா?” என்று மேலே யாரோ கேட்ட பிறகுதான் அசைந்தார். கம்பியின் நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். வெளியே வந்தார். “என்னா கோளாறு?” என்று கேட்டார்கள்.

“ஒண்ணுமில்ல. கல்லு சிக்கியிருந்துச்சு” என்றார்.

இந்தப் பொய்யை அவர் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்து விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்ததுதான். மறுநாள் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பிச் சரியான பட்டை வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் மாட்டினார். மெலிசான பட்டையைக் கொல்லையில் புதைத்தார். புது டிரைவர் வந்தான். பஸ் ஒழுங்காக ஓடியது. நஜ்முதீன் போகிற இடமெல்லாம் கிபாயத்துல்லாவின் மூளையைப் புகழ்ந்தார்.

நோன்பு மாதம் பிறந்தது. பசி தாகத்தை அடக்கிக்கொண்டு பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்றார். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் மூடி வைத்த வாயும் அதே வாய்தான் என்பது ஒவ்வொரு தொழுகையிலும் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தபோது, பொசுங்கிய உள்ளங்கையைக் காட்டாமல் விரல் நுனியைக் கொடுத்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினம் நினைத்தார். ஒவ்வொரு நாளும் தாமதித்த குற்றம் சேர்ந்துகொண்டதால், மறுநாள் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

கோளாறு தெரிந்த பதினோராம் நாள், வியாழக்கிழமை, மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது பட்டறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். காளியப்பனின் மனைவி வெள்ளையம்மா. தலையில் முக்காடு, கையில் துணியில் கட்டிய ஏதோ காய்கறி.

தெரிந்துவிட்டது, திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார்.

“நான் சண்டைக்கு வரல பாய்” என்றாள் அவள். “நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். அவரே இப்ப அப்படித்தான் நெனைக்கிறாரு.”

“எப்படி?”

“புல்லு வெட்டப் போறாரு. வேல வுட்டு வந்தா ஒக்காந்து காலயே பாக்குறாரு. எனக்குத் தெரியாமலே அமுத்தியிருப்பேனோ, புள்ளன்னு கேக்குறாரு. நான் என்னத்தக் கண்டேன்? நீங்க பெரிய வேலக்காரரு. ஒரு நாளு வந்து, கால எப்படி வைக்கணும்னு காட்டிக் குடுத்தீங்கன்னா, வேற எங்கயாச்சும் வண்டி கேப்பாரு. தோட்டத்துல ஆளக் கொறைக்கிறாங்க. ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஊருன்னா என்னான்னே தெரியாது. இங்கயே பொறந்தவங்க.”

அவள் துணி முடிச்சை அவிழ்த்து நாலைந்து முருங்கைக்காய்களை வாசல் பலகையில் வைத்தாள். சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்குக் காணிக்கை.

“நாளைக்கு வர்றேன்” என்று மட்டும் சொன்னார். உண்மையை அவளிடமே சொல்லியிருக்கலாம். முருங்கைக்காய்களைப் பட்டறைக்குள் எடுத்து வைத்தார்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பஸ்ஸில் மாசாய் போனார். தோட்டத்து வரிசை வீடுகளில் காளியப்பனின் வீடு கடைசி. அவன் அப்போதுதான் வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் அவசரமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து முக்காலி எடுத்துவந்து போட்டான்.

“நோன்பா இருப்பீங்க. தண்ணி கூடக் குடுக்க முடியல.”

வீட்டோரம் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதற்கு முன்னால் செங்கல்மேல் ஒரு பலகைத் துண்டு. பழைய டியூப் ரப்பரில் இழுத்துக் கட்டியிருந்தான். மிதித்தால் இறங்கும், விட்டால் எழும்பும்.

“பழகுறேன் பாய்” என்றான் கூச்சத்தோடு. பெட்டியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினான். “இம்புட்டுத் தள்ளி வச்சாப் போதுமா? இல்ல, இன்னும் தள்ளணுமா?”

கிபாயத்துல்லா முக்காலியில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கால எடுங்க” என்றார். அவனை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “உங்க கால்ல ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. கோளாறு நான் மாட்டுன வில்லுப் பட்டையில. பாரம் ஏறுனாத்தான் புடிக்குதுன்னு நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் காதுல வாங்கல.”

காளியப்பனின் கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லத் தரையில் வைத்தான். வீட்டு வாசலில் வெள்ளையம்மா வந்து நின்றாள்.

“இது எப்பத் தெரிஞ்சுச்சு, பாய்?”

அவர் எதிர்பார்க்காத கேள்வி. திட்டுவான், அழுவான், கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்வான் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துப் பார்த்திருந்தார். இதை நினைக்கவில்லை.

“பன்னெண்டு நாளாச்சு.”

“பன்னெண்டு நாளு” என்றான் காளியப்பன். குனிந்து, டியூப் ரப்பரின் முடிச்சை அவிழ்த்தான். அவிழவில்லை; அரிவாளால் அறுத்தான். பலகையைத் தூரத்தில் எறியாமல், அடுப்புக்குப் போகும் விறகோடு சாத்தினான். “இந்தப் பன்னெண்டு நாளா நான் தோட்டத்துல நடக்கும்போதுகூட எந்தக் கால எங்க வைக்கிறேன்னு பாத்துக்கிட்டே நடந்தேன், பாய்.”

“மன்னிச்சிருங்க.”

“போயிட்டு வாங்க. பஸ்ஸு போயிரும்.”

அவ்வளவுதான். வெள்ளையம்மா வந்து முக்காலியை எடுத்தாள். முந்தின நாள் அவள் முகத்தில் இருந்த மரியாதை போயிருந்தது.

நஜ்முதீனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொல்லாத தம்பி. அந்தச் சீனப் பொம்பளையோட ஆளுங்க கேள்விப்பட்டா என் தலைதான் உருளும். புதுப் பையனும் நல்லாத்தானே ஓட்டுறான்.”

“நான் பழி போட்டது எல்லாரும் பாக்க, வெளியில வச்சு, காக்கா. அத உள்ள வச்சுத் திருப்பி எடுக்க முடியாது.”

மறுநாள் காலை, கூட்டம் சேர்ந்திருந்த நேரத்தில், கிபாயத்துல்லா பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் படிக்கட்டில் ஏறி நின்றார். கோளாறு தன்னுடையது, காளியப்பன் குடிக்கிறவனில்லை, தான் சொன்னது பொய் என்று சொன்னார். சிலர் வாயைப் பிளந்து கேட்டார்கள். சிலருக்கு விளங்கவில்லை. ஒருவன், “பாய் நோன்புல வாடிப் போயிட்டாரு, நல்லவரு, அவனுக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கிறாரு” என்றான். அதுவே பரவியது. ஒரு வாரத்தில் ஊருக்குள் கிபாயத்துல்லாவின் பெயர் முன்னைவிட உயர்ந்தது. ‘பிரேக் காளி’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயரை யார் சொல்லக் கேட்டாலும் அவர் நின்று திருத்தினார். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அவர் தலை மறைந்ததும் மறுபடி சொன்னார்கள்.

மணிக்கட்டு ஒடிந்த பெண்மணியின் வீட்டுக்கும் போனார். அவள் புருஷன் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினான்.

நஜ்முதீன் சங்கடத்தோடு காளியப்பனுக்குச் சொல்லியனுப்பினார், திரும்ப வந்து வண்டியை எடுக்கும்படி. அவன் வரவில்லை. அவனுடைய பெயர் தோட்டத்தில் ஆட்குறைப்புப் பட்டியலில் ஏறுவதற்குள், கெலாங் பாத்தாப் பக்கம் ஓர் அன்னாசிக் கொட்டகையில் லோரி ஓட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, கிபாயத்துல்லாவே அங்கே போய், நடந்ததை முழுக்கச் சொல்லி அவன் பெயரைக் கொடுத்தார். கொட்டகையின் சீன முதலாளி, தவுக்கே, ஆள் அனுப்பினான். தன் பெயரைக் கொடுத்தது யார் என்று காளியப்பனுக்குத் தெரிந்ததா என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த லோரி ரிப்பேருக்கு அவர் பட்டறைக்கு வந்ததில்லை. டவுனுக்கு மறுகோடியில் ஒரு சீனப் பட்டறைக்குப் போகும். போகிற வழி அவர் வாசல்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம், லோரி அவர் பட்டறைக்கு எதிரில் ஆவி பறக்க நின்றது. காளியப்பன் இறங்கி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

“ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்.”

கிபாயத்துல்லா தானே டின்னை நிரப்பிக்கொண்டு போனார். மூடி ஆறும்வரை இருவரும் லோரிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“வீட்ல நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்காங்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு.”

“மாஷா அல்லாஹ். தேத்தண்ணி சொல்லட்டுமா?”

“இல்ல பாய். லோடு இருக்கு.”

டின்னை வாங்கித் தானே ஊற்றினான். மூடியைத் திருகினான். காலி டின்னை அவர் கையில் கொடுக்காமல் சாலையோரம் வைத்துவிட்டு ஏறிப் போனான். கிபாயத்துல்லா கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.